கலிபோர்னியாவில் ராத்திரி எட்டரை

அன்று அந்த டெலிபோன் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அப்பா, அம்மா, ஆறு வயதுத் தங்கை, பதினொரு வயது நான், கல்லாவில் கடைக்காரப் பெண். ஈரோட்டில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியப்பாவையும் சேர்த்தால் ஆறு. யார் எங்கே நின்றார்கள், யார் காதில் எது விழுந்திருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் இப்படித் தலையை எண்ணுவதில்தான் ஆரம்பிக்கிறேன்.

கடை இருந்தது பாங்காக்கில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி, வெளியே தார் உருகும் வெயில். ஆனால் பெரியப்பாவைப் பொறுத்தவரை நாங்கள் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் அபார்ட்மெண்டில் இருந்தோம். அங்கே சனிக்கிழமை ராத்திரி எட்டரை.

2001 கோடை விடுமுறையில் அத்தை மகள் கல்யாணத்துக்கு ஈரோடு போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் பாங்காக்கில் இரண்டு நாள் தங்கல், அது பெரியப்பாவுக்கும் தெரியும். டிக்கெட்டோடு வந்த சலுகை அது, விட மனமில்லை. முதல் நாள் அப்பா ஆபீசுக்குப் போன் செய்தார். புராஜெக்ட் முடிந்துவிட்டது, நீங்கள் வர வேண்டியதில்லை என்றார்கள். எங்கள் விசா அந்த வேலையோடு கட்டிப்போட்ட விசா. வேறு கம்பெனியின் தாள் கையில் இல்லாமல் சான்பிரான்சிஸ்கோவில் வந்து இறங்காதே என்று ஃப்ரீமான்ட் நண்பர் எச்சரித்தார். அதனால் முன்னால் போக முடியாது. பின்னால் போவதற்கு அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஈரோடு ஜங்ஷனில் எங்களை வழியனுப்ப இருபது பேர் வந்திருந்தார்கள். ரயில் நகர்ந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

அம்மா ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "ஏனுங்க, மாமங்கிட்ட மட்டும் சொல்லிப்போடலாங்க."

"சொன்னா அண்ணன் தறிய வித்துப் பணம் அனுப்புவாரு. அதுக்கா அவரு எட்டாவதோட நின்னுக்கிட்டு என்னப் படிக்க வெச்சாரு?" என்றார் அப்பா. பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

எங்களிடம், லீவு இருக்கிறது, ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்றார். தங்கை நம்பினாள். நானும் நம்பினேன், ஆனாலும் தினமும் காலையில் அம்மாவின் கைப்பையைத் திறந்து நான்கு பாஸ்போர்ட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டுத்தான் பல் விளக்குவேன். பள்ளிக்கூடம் திறக்கும் தேதியை ஓட்டல் சோப்பு உறையில் எழுதிக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

காலையில் அப்பா இன்டர்நெட் கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்புவார். அதன்பின் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும்வரை நடைதான். பஸ்ஸில் போனால் ஊர் தெரியாது என்பார். ஆற்றுப் படகில் ஏறி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இறங்காமல் போய், அதே படகில் திரும்புவோம். குளிர்சாதனம் போட்ட பெரிய கடைகளில் ஒன்றும் வாங்காமல் மாடி மாடியாக ஏறி இறங்குவோம். ஒரு கோயிலில் இருபத்தைந்து முப்பது ஆள் நீளத்துக்குப் புத்தர் படுத்திருந்தார். இவர் ஏன் இப்படிப் படுத்திருக்கிறார் என்று அம்மா கேட்டாள். "இவருக்கும் புராஜெக்ட் முடிஞ்சிருக்கும்" என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். அந்த இருபத்தெட்டு நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவை.

சாப்பாட்டுக்கு மட்டும் குறை இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அதுவும் படிப்படியாக இறங்கியிருக்கிறது. முதல் வாரம் மேஜை விரிப்பு போட்ட ஓட்டல். இரண்டாவது வாரம் நடைபாதை நூடுல்ஸ் வண்டி. எந்தக் கறி என்று கேட்க, அம்மா ஒவ்வொரு மிருகத்தின் சத்தத்தையும் கூச்சத்தோடு எழுப்பிக் காட்டுவாள். கோழியாக இருந்தால் உட்காருவோம். மூன்றாவது வாரம் மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும் ஒரு பொட்டலம் வாங்கி நான்கு பேரும் பகிர்ந்து தின்றோம். அம்மா தனக்குப் பசியில்லை என்பாள். எனக்கு அந்தச் சோறு அவ்வளவு பிடித்திருந்தது, அவள் பங்கையும் நானே தின்றேன்.

ஓட்டல் சந்தின் முனையில் ஒரு பெண் குழிக்கல்லில் தேங்காய்ப்பால் மாவு ஊற்றிச் சுட்டு விற்றாள். அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். நம் பணியாரக் கல்லேதான் என்று கல்லைக் கைகாட்டி அவளிடம் தமிழிலேயே சொன்னாள். அவளும் தன் பாஷையில் ஏதோ பதில் சொன்னாள். மறுநாளிலிருந்து காலைப் பலகாரம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஈரோட்டுக்குப் போன் செய்வது அப்பாவின் வழக்கம். நின்றால் சந்தேகம் வரும். அதனால் டெலிபோன் கடையில் கண்ணாடிக் கதவு உள்ள அறையாகப் பார்த்துப் பிடித்தார். தெருச் சத்தம் உள்ளே வராது. போவதற்கு முன் எங்களை உட்காரவைத்துப் பாடம் சொல்வார். இப்போது நாம் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம், ராத்திரி எட்டரை, சாப்பிட்டாயிற்று, தூங்கப் போகிறோம். தங்கை அழகாக ஒப்பித்தாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் மணி தடுமாறியது.

மூன்றாவது ஞாயிறு அது. அப்பா பேசி முடித்து ரிசீவரை என்னிடம் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கை கடை வாசலைத் தாண்டித் தெருவில் இறங்க, அம்மா பின்னாலேயே ஓட, அப்பாவும் கதவைத் திறந்துகொண்டு போனார். நான் மட்டும் உள்ளே.

"ஏஞ்சாமி, தூக்கம் வந்துருச்சா?"

"இல்லீங் பெரீப்பா, இப்பத்தான் எந்திரிச்சோம். பணியாரம் தின்னுட்டு வந்தோம். இனி போட்டுல போகோணும்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. மீட்டரில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த மௌனத்துக்கும் அப்பாதான் காசு கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பதறியது.

"செரி கண்ணு," என்றார் பெரியப்பா. "வெயில்ல அலையாத. அம்மாளப் பாத்துக்க."

வைத்துவிட்டார். என்னடா பேசினாய் என்று அப்பா கேட்டபோது, தூங்கப் போறேன்னு சொன்னேன் என்றேன். நல்ல பையன் என்று தலையைத் தடவினார். அந்த வாரம் முழுக்க எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. பணியாரம் விற்றவள்கூடத் தங்கைக்கு ஒன்று அதிகம் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து வயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ விசாரித்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பா போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது. பாங்காக்கில் துணி வியாபாரி ஒருவர் பெரியப்பாவுக்குச் சரக்குப் பணம் தர வேண்டியிருக்கிறதாம். நீ எப்படியும் அடுத்த முறை அந்த வழியாகத்தானே வருவாய், வாங்கி வைத்துக்கொள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றாராம். இத்தனை ஊர் இருக்க, நாம் நிற்கிற ஊரிலேயே அண்ணனுக்குப் பாக்கி இருக்கிறது பார் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா புடவைத் தலைப்பால் தங்கையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் உளறலால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதியில் நான் மற்ற எதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் துணிக்கடைத் தெருவுக்குப் போனோம். கடைக்காரர் வயதான சீக்கியர். அப்பா பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மேஜை இழுப்பறையிலிருந்து தடித்த கவர் வெளியே வந்தது. கூடவே குளிர்ந்த பழரச டப்பா, உறிஞ்சுகுழல் செருகி, சரியாக இரண்டு. அப்பா கவரை எண்ணவில்லை. சில்லறையைக்கூட இரண்டு தடவை எண்ணுகிறவர் அவர். கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "அறுபதாயிரம் பாத்" என்று கடைக்காரர்தான் சொன்னார்.

ஓட்டல் பாக்கியும் ஃப்ரீமான்ட் வாடகையும் அதில் அடைந்தன. அந்த வாரமே புதிய கம்பெனியின் தாள் ஃபாக்ஸில் வந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் போய் இறங்கினோம். தாய்லாந்தில் மூன்று வாரத்துக்கு மேல் சுற்றினேன் என்று எழுதியதற்கு, கொடுத்துவைத்த பையன் என்று டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

மூன்று வருடம் கழித்து ஈரோடு போனோம். அப்பா ஒரு கவரில் பணம் வைத்துச் சட்டைப் பையில் எடுத்து வந்திருந்தார். தறிக்கூடத்தில் எட்டுத் தறிகளில் ஆறுதான் ஓடின. மீதி இரண்டும் இருந்த இடத்தில் தரை மட்டும் எண்ணெய்க் கறையோடு வெறுமையாகக் கிடந்தது.

"ரெண்டு தறி எங்கீங்ணா?"

"பழசாயிப்போச்சு. குடுத்துட்டேன்."

"எப்பங்ணா?"

தறிச் சத்தத்தில் கேட்காதவர் மாதிரி பெரியப்பா அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். அப்பா சட்டைப் பைக்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்துக்கொண்டார். எடுக்கவில்லை. திரும்பும் ரயிலில், கவர் குடுக்க மறந்துட்டீங்களேப்பா என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். ஈரோடு தாண்டுவதற்குள் சொன்னால் இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமே என்ற கவலை எனக்கு. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பதினொன்றாவதோடு படிப்பை விட்டபோது ஊரே காரணம் கேட்டது. பெரியப்பா மட்டும் கேட்கவில்லை. இப்போது ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவில் ஒரு மளிகைக் கடைக் கல்லாவில் நிற்கிறேன். ஒரு நாள் ஒரு பெரியவர் இந்தியாவுக்குப் பேச போன் கார்டு வாங்கிக்கொண்டு, அங்க இப்ப மணி என்ன தம்பி என்று கேட்டார். பன்னிரண்டரை மணி நேரம் கூட்டிச் சொல்லும்போதுதான், ராத்திரி எட்டரைக்குப் படுக்கப் போகிற பையனிடம் யாராவது வெயிலில் அலையாதே என்று சொல்வார்களா என்று உறைத்தது. நான் உளறியதற்கும் கவர் வந்ததற்கும் நடுவில் இருந்த அந்த ஒரு வாரத்தில்தான் தறி போயிருக்கிறது.

அதற்குள் பெரியப்பா போய்விட்டிருந்தார். அப்பாவும் இல்லை. போனில் நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசிவரை அப்பாவிடம் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குத் தர வேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது. அறுபதாயிரம் பாத்.