பாதி நேர ஆட்டக்காரனின் தகப்பன்

ஹார்லன் டோம்பெக் பால் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு தரம் மூக்கை நீட்டினால் போதும். மாடு கண்ட பூண்டைத் தின்றதா, தொட்டியைச் சரியாகக் கழுவவில்லையா, குளிரூட்டும் எந்திரம் மக்கர் பண்ணியதா, எல்லாம் சொல்லிவிடுவார். பால் நன்றாக இருந்தால் குழாயை மாட்டி லாரியில் ஏற்றுவார். இல்லையென்றால் மூடியைச் சாத்திவிட்டு, பண்ணைக்காரர் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிவிடுவார். எடுப்பதா விடுவதா என்று தீர்மானிப்பதுதான் அவருடைய பிழைப்பு. அதில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை. குழப்பமெல்லாம் மகன் விஷயத்தில்தான்.

மகன் ரீட் ஃபுட்பால் ஆடுகிறான். காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பந்தை அணைத்தபடி ஓடுகிறவன்மேல் பாய்ந்து அவனைச் சாய்க்கிற ஃபுட்பால். அதுவும் தெற்கே ஒரு பெரிய நகரத்து அணியில், சம்பளத்துக்கு. விஸ்கான்சினின் இந்த மூலையிலிருந்து அவ்வளவு தூரம் போனவன் வேறு எவனும் இல்லை. ஊருக்கே பெருமைதான். ஆனால் அங்கே அவன் என்னவாக ஆடுகிறான் என்று கேட்டால், பெருமைப்படுகிற வாயெல்லாம் அப்படியே மூடிக்கொள்ளும்.

பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'சேஃப்டி' என்று போட்டிருக்கும். எல்லாருக்கும் பின்னால் நின்று, தப்பி வருகிறவனைப் பிடிக்கிற காவல். ஆட்டத்தில் பார்த்தாலோ, முன்னால் வந்து 'லைன்பேக்கர்' நிற்கிற இடத்தில் நிற்பான். அடிதடி நடக்கிற நடு இடம் அது. மீதி நேரம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். எதிரணி பந்தை வீசப்போகிறது என்று தோன்றினால் கோச் அவனை உள்ளே அனுப்புவார். பந்தோடு ஓடப்போகிறது என்று தோன்றினால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார். சர்ச் விருந்தில் கை குறைந்தால் மட்டும் கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி.

ஆடுவது ரீடின் பாடு. ஹார்லனுக்கு அதில் என்ன கஷ்டம் என்றால், அவர் லீகில் இருக்கிறார்.

லைல் நடத்துகிற, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் கூடத்தில் பல வருஷமாக நடக்கிற கற்பனை லீக் அது. பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கித் தனக்கென்று ஓர் அணி வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் செய்கிற ஒவ்வொன்றுக்கும் இங்கே புள்ளி. ஆளைப் பிடித்துச் சாய்த்தால் அதற்கும் புள்ளி. வாராவாரம் இரண்டு இரண்டு பேராக மோதிக்கொள்வார்கள். சீசன் முடிவில் முதலில் வந்தவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கடைசியில் வந்தவரைத்தான் மறக்க மாட்டார்கள். லைலின் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தன்று அந்த ஆள் எங்கள் பரம எதிரியான சிகாகோ அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் முழுவதற்கும் தட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்குச் சட்டையே இல்லாமல் நிற்கலாம்.

ரீட் பெரிய அணிக்குப் போன வருஷமே ஹார்லன் அவனைத் தன் அணியில் எடுத்துக்கொண்டார். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை, அது வேறு விஷயம். லைல் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"யோவ், பெத்தவன்ங்கிறதுக்காக உள்வீட்டுச் சேதியெல்லாம் நீ மட்டும் வாங்கிக்கக் கூடாது. முட்டி வலிக்குதா, கோச்சு என்ன நெனக்கிறாரு, ஒண்ணும் கேக்கக் கூடாது. செய்தியில வந்தாத்தான் உனக்கும் தெரியணும்."

பௌலிங் பந்தின்மேல் கை வைத்து ஹார்லன் சத்தியம் செய்தார். சிரிப்பாகத்தான் செய்தார்கள். ஆனால் ஹார்லன் சிரிப்புக்குச் செய்த சத்தியத்தையும் காப்பாற்றுகிற ஆள்.

அதிலிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் மகனுக்குப் போன் பண்ணினால் பேச்சு ஒரே வழியில்தான் போகும். எத்தனை பிடி பிடித்தாய், அந்த மூன்றாவது பிடியை ஏன் இன்னொருவன் கணக்கில் எழுதினார்கள், போன வாரத்தைவிடக் கூட நேரம் நின்றாயே. பையன் பதில் சொல்வான். அப்புறம் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வான். ஹார்லனுக்கு இதுவே பெரிய விஷயம். ரீட் பள்ளிக்கூடத்தில் படித்தபோதுகூட அப்பனும் மகனும் இவ்வளவு பேசியதில்லை. அந்தப் புள்ளிக் கணக்கு போய்விட்டால் மகனிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. உள்ளுக்குள் அந்தப் பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

இந்த வருஷம் சீசன் முடிய ஒரே வாரம் பாக்கி. கடைசி இடத்துக்கு இரண்டு பேர் இழுபறியில் இருந்தார்கள். ஒருவர் ஹார்லன். இன்னொருவர் ஆர்டிஸ் ஹௌக், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், ரீடுக்கே பாடம் எடுத்தவர். அவர் அணியில் பாதிப் பேர் அடிபட்டுப் படுத்துவிட்டதால்தான் இந்த நிலைமை. கடைசி வாரம் இவர்கள் இரண்டு பேருக்கும்தான் மோதல். தோற்றவருக்குச் சிகாகோ சட்டை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பண்ணையில் பால் ஏறிக்கொண்டிருந்தபோது ஹார்லனின் போன் அடித்தது. ரீட். அவனாகக் கூப்பிடுவதே அபூர்வம், அதுவும் ஆட்டத்துக்கு முன்னால்.

"அப்பா, உன் டீம்லேருந்து என்னை எடுத்துடு."

"என்னடா சொல்றே?"

"எடுத்துடுப்பா. வேற யாரையாவது போட்டுக்கோ."

ஹார்லனின் வாய் வரைக்கும் ஒரு கேள்வி வந்தது. பௌலிங் பந்து ஞாபகத்துக்கு வந்தது.

"நான் எதையும் கேக்கக் கூடாதேடா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"கேளேன்ப்பா. ஒரே ஒரு தடவ."

"லைலுக்குத் தெரிஞ்சா அசிங்கமாயிடும்டா."

"சரிப்பா," என்றான் ரீட். "எடுத்துடு. அவ்வளவுதான்." வைத்துவிட்டான்.

அன்று மிச்சமிருந்த பண்ணைகளில் ஹார்லன் எந்தத் தொட்டியை மோந்தார், எதை மோந்து பார்க்காமல் விட்டார் என்று அவருக்கே தெரியாது. முட்டியாக இருக்குமோ? அணியிலிருந்து அனுப்பப் போகிறார்களோ? அனுப்புவதாக இருந்தால் சீசன் முடியட்டும் என்று விடமாட்டார்களா? லாரியில் ரேடியோவை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். ரீட் டோம்பெக்கைப் பற்றிப் பேச நாட்டில் எவனுக்கும் நேரமில்லை. செய்தியில் வராததை மகன் தனக்குக் குறிப்பாகச் சொல்கிறான் என்று முடிவு கட்டினார். அப்படியானால் அதைக் கேட்டு நடப்பதும் ஏமாற்றுவேலை ஆகிவிடாதா என்று அடுத்த குழப்பம் வந்து உட்கார்ந்தது.

வீட்டில் மனைவி ஜானெல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அவன்கிட்டயே கேட்டுட வேண்டியதுதானே, ஹார்லன்?"

"கேக்கக் கூடாதுன்னுதானே சத்தியம்."

"உங்க பன்னெண்டு பேருக்கும் மூளைய ஒரே தொட்டியில ஊத்தினா அடி நனையாது," என்றார் ஜானெல். மேலும் ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஹார்லன் அதைக் கவனித்தார், ஆனால் உருளைக்கிழங்கைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பௌலிங் கூடத்துக்குப் போனார். ஆர்டிஸ் டீச்சர் மூலையில் உட்கார்ந்து பொரித்த சீஸ் கட்டிகளைத் தின்றுகொண்டிருந்தார். ஹார்லன் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"டீச்சர், முன்னாலயும் நிக்கிறான், பின்னாலயும் நிக்கிறான், பாதி நேரம் பெஞ்சுல உக்காந்திருக்கான். இந்த மாதிரி ஒருத்தனுக்கு என்ன மதிப்புப் போடுறது?"

"உன் பையனப் பத்திக் கேக்குறியா?"

"பொதுவாத்தான்."

"பொதுவா, சரி." ஆர்டிஸ் விரலைத் துடைத்துக்கொண்டார். "எங்க நிக்கிறான்னு பாக்காதய்யா, எவ்வளவு நேரம் நிக்கிறான்னு பாரு. பேரு சேஃப்டி, நிக்கிறது லைன்பேக்கர் எடம்னா, முழு ஆட்டமும் நின்னா அவன் தங்கம். நம்ம பட்டியல்ல சேஃப்டிக்குன்னு இருக்குற எடத்துல அவனப் போடலாம், பிடி மட்டும் லைன்பேக்கர் அளவுக்கு வரும். பாதி நேரம் நின்னா அவன் சீட்டுக்கட்டுல கிழிஞ்ச சீட்டு. வச்சுக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது."

"அப்ப எடுத்துடலாம்கிறீங்க."

"நான் உன் எதிராளிய்யா. நான் சொல்றதக் கேட்டா நீ முட்டாள்."

இதற்கு என்ன அர்த்தம் என்று ஹார்லன் ஒரு பீர் தீரும் வரைக்கும் யோசித்தார். பிறகு போனை எடுத்து, மூன்று வருஷமாக விடாமல் வைத்திருந்த ரீடை அணியிலிருந்து நீக்கினார். அவன் இடத்தில், வயதானாலும் முழு நேரமும் ஆடுகிற ஒருவனைப் போட்டார். பையன் கேட்டதைத்தானே செய்தோம் என்று சொல்லிக்கொண்டார்.

வீடு போய்ச் சேர்வதற்குள் லைல் போன் பண்ணினார். "யோவ், நீ விட்ட உன் பையன ஆர்டிஸ் தூக்கிட்டாய்யா."

போன ஞாயிறு ரீடின் அணியில் முழு நேரம் ஆடுகிற லைன்பேக்கர் ஒருவன் நொண்டிக்கொண்டு வெளியே போனதை ஆர்டிஸ் பார்த்திருந்தார். ஹார்லனும் அதே ஆட்டத்தைத்தான் பார்த்தார். ஆனால் அவர் மகனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜானெல் மான் இறைச்சி போட்ட சில்லி குழம்பு வைத்து டிவி முன்னால் கொண்டுவந்து வைத்தார். எதிரணி பந்தை எடுத்த முதல் தடவையே ரீட் நின்றான். இரண்டாவது தடவையும் நின்றான். பெஞ்சுக்கே போகவில்லை. நொண்டியவனின் இடத்தில் அன்று முழுவதும் அவன்தான். முட்டியில் ஒன்றும் இல்லை. மான்குட்டி மாதிரி ஓடினான். முதல் பிடிக்கு ஹார்லன் எழுந்து நின்று கத்தினார். உடனே போனில் ஆர்டிஸின் புள்ளி ஏறியது. உட்கார்ந்தார். அடுத்த பிடிக்கு மறுபடி எழுந்தார், பாதியில் நின்றுகொண்டார்.

"இப்ப நீ கைதட்டுறியா, தலையில அடிச்சுக்குறியா?" என்றார் ஜானெல்.

"எனக்கே தெரியல," என்றார் ஹார்லன். உண்மையைத்தான் சொன்னார்.

சாயங்காலம் ஆகும்போது ஹார்லனுக்கும் ஆர்டிஸுக்கும் நடுவில் ஒரு பிடிக்கும் குறைவான புள்ளிதான் வித்தியாசம், ஹார்லன் முன்னால். மைதானத்திலும் கடைசி நிமிஷம். எதிரணிக்காரன் பந்தோடு ஓரமாகப் பிய்த்துக்கொண்டு ஓடினான். எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் ரீடின் அணி தோற்றுவிடும். வழியில் இருந்தது ரீட் மட்டும்தான். அந்த ஒரு கணத்தில் ஹார்லன் மனசுக்குள், விட்டுடுடா, என்றார். ரீட் விடவில்லை. இடுப்பைப் பிடித்து அவனைப் புல்லில் சாய்த்தான். அரங்கமே எழுந்து நின்றது. ஹார்லன் எழுந்திருக்கவில்லை. ஒரு சட்டைக்காக, பெற்ற பிள்ளை தோற்கட்டும் என்று நினைத்துவிட்டோமே என்று அவருக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சமையலறையில் நடந்தார். பிறகு கூப்பிட்டார்.

"பிரமாதமா ஆடினடா."

"தேங்க்ஸ்ப்பா. லீக்ல ஜெயிச்சியா?"

"எங்க? உன்ன ஆர்டிஸ் டீச்சர் எடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழம எனக்குச் சிகாகோ சட்ட."

ரீட் சிரித்தான். ஹார்லனும் கொஞ்சம் சிரித்தார். சீசன் முடிந்துவிட்டது; இனிச் சத்தியமும் இல்லை.

"முட்டி இப்ப எப்படிடா இருக்கு?"

"எந்த முட்டி?"

"எடுத்துடுன்னு சொன்னியே. முட்டியா, இல்ல கோச்சு ஏதாச்சும் சொன்னாரா?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. கோச்சும் ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் ஏன்டா எடுக்கச் சொன்னே?"

ரீடின் குரலில் கோபம் இல்லை.

"வாரா வாரம் போன் பண்றே. எத்தன பிடின்னு கேக்குறே. உன் டீம்ல நான் இல்லேன்னா, வேற ஏதாவது கேப்பேன்னு நெனச்சேன்."

ஹார்லன் ஜானெலைப் பார்த்தார். ஜானெல் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது. ஹார்லன் தேடினார். மகனைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். கடைசியில் ஒன்று கிடைத்தது.

"உன் பிக்கப் வண்டி எப்படிடா ஓடுது?"

"அத மார்ச்லயே வித்துட்டேன்ப்பா."

"வித்துட்டியா? அப்ப பயிற்சிக்கு எப்படிப் போறே?"

"டெலியா கொண்டுபோய் விடுவா."

"டெலியா யாரு?"

அடுப்படியில் ஜானெல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உக்காந்துக்கப்பா," என்றான் ரீட்.