எங்க கூரை மட்டும் ஏன் போச்சு?

தெருவில் எல்லோருக்கும் அவர் ஃபில்டர் அக்கா. வீடு வீடாகப் போய், குடிதண்ணீர் ஃபில்டர்களைக் கழற்றிக் கழுவி மாட்டித் தருவது அவருடைய வேலை. தோளில் ஒரு கறுப்புப் பை. அதற்குள் ஸ்பானர், ரப்பர் வளையங்கள், டார்ச், தேய்ந்துபோன டூத் பிரஷ். வேலை என்னவோ சட்டென்று முடிந்துவிடும், ஆனால் அக்கா சட்டென்று கிளம்ப மாட்டார். "உங்க வீட்டுச் சுவத்துல ஈரம் ஏன் இந்த மூலையில மட்டும் ஏறுது?" என்பார். "இந்தக் குழாயை எதுக்கு இப்படிச் சுத்தி வளைச்சுக் கொண்டாந்திருக்காங்க?" என்பார். வீட்டுக்காரர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பதில் கிடைக்காவிட்டால் அக்கா தானே சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

புயல் அடித்த அன்று மதியம் அவர் ஊரின் மறு கோடியில் ஒரு மாடி வீட்டில் மாட்டிக்கொண்டார். காற்று ஓய்ந்த பிறகு, முறிந்து கிடந்த கிளைகளைத் தாண்டித் தாண்டி வீடு வந்து சேர்ந்தார். முன்பக்கம் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கணவர் மட்டும் வாசற்படியில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். கையில் எதற்கென்று தெரியாமல் ஒரு பாத்திர மூடி.

"அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டார் அக்கா.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ உள்ள போய்ப் பாரு."

உள்ளே சமையலறைக்கும் அதை ஒட்டிய பின் அறைக்கும் கூரையே இல்லை. அண்ணாந்து பார்த்தால் வானம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. மாவு டப்பாவில் கூழ். கட்டிலில் குளம். மரச்சட்டங்கள் மட்டும் மேலே விலா எலும்புகள் போல நின்றன. அவற்றில் பெரும்பாலான ஆணிகளும் அப்படியே நின்றன. தகரம் மட்டும் காணோம். அக்காவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஸ்டூலைப் போட்டு ஏறி அந்த ஆணிகளைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த நாளே கூரை பேச்சு ஆரம்பித்துவிட்டது. கணவர் அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்பவர். ஒரு சட்டை எடுப்பதற்கே பத்து சட்டைகளைப் புரட்டிப் பார்த்து யோசிக்கிற ஆள். அவர் இந்த விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டார். "தகரமே வேண்டாம். காங்கிரீட் போட்டுடலாம். இதோட பேச்சு முடிஞ்சுது."

அவருடைய தம்பி லாரி ஓட்டுபவர். தார்ப்பாய் கட்டிக்கொடுக்க வந்த அவருக்கு வேறு அபிப்பிராயம். "அண்ணி, உங்க தகரம் அப்பளம் மாதிரி இருந்துச்சு. அதான் பறந்துடுச்சு. நல்ல தடிமனா போட்டா எந்தக் காத்துக்கும் அசையாது. நானே கொண்டாந்து இறக்கறேன்."

"சரி தம்பி. ஆனா பக்கத்து வீட்டுத் தகரம் நம்மளதவிட மெலிசு. துருப்பிடிச்சு ஓட்டையாக்கூட இருக்கு. அது ஏன் போகல? எங்க கூரை மட்டும் ஏன் போச்சு?"

கொழுந்தன் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்குவதில் மும்முரமானார். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது அதிலிருந்த சாமான் அத்தனையையும் வீட்டுக்குள் கொண்டுவந்து அடைத்துவிட்டார். அக்கா போய்க் கேட்டதும் அவருக்கே ஆச்சரியம்.

"ஆமாம்மா, நானும் நினைச்சேன். முதல்ல என்னோடதுதான் போகும்னு பையைக்கூடக் கட்டி வெச்சிருந்தேன்."

"உள்ள வந்து மேல பாக்கலாமா, ஐயா?"

"எங்க வேணா பாரு. எதையும் நகர்த்தாதே, தலையில விழும்."

அக்கா டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தார். கூரைச் சட்டம் ஒவ்வொன்றையும் முறுக்குக் கம்பி சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, சுவரில் ஒரு கொக்கியில் முடிந்திருந்தது. இது என்னவென்று கேட்டபோது ரேடியோக்காரர் தலையைச் சொறிந்தார். பல வருஷங்களுக்கு முன் கூரை மேல் உயரமான ஆன்டெனா ஒன்று வைத்திருந்தாராம். காற்றில் அது ஆடினால் சட்டங்களும் கூடவே ஆடி, ரேடியோவில் இரைச்சல் வருமாம். ஆட்டத்தை நிறுத்தத்தான் சட்டங்களைச் சுவரோடு இழுத்துக் கட்டியிருக்கிறார்.

"அப்ப இரைச்சல் நின்னுச்சா, ஐயா?"

"எங்க நின்னுச்சு? அது வேற கோளாறு. கம்பி மட்டும் அப்படியே கிடக்கு."

அக்கா திரும்பி வந்து தன் வீட்டுச் சட்டங்களைப் பார்த்தார். சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. ஒரு விஷயம் விளங்கிய மாதிரி இருந்தது, ஆனால் பாதிதான். அவர் வீட்டில் சட்டங்கள் போகவில்லையே! தகரம்தானே போயிற்று?

மீதிப் பாதி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. ரயில் பாதைக்கு அப்பால் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவர், வழியில் ஒரு சைக்கிள் கடைக்காரரின் கொல்லையில் புத்தம் புதுக் கொட்டகை ஒன்றைப் பார்த்தார். அதன் கூரைக்கு உட்புறம் இளம்பச்சை. சமையலறை வெளிச்சமாக இருக்கட்டுமென்று கணவர் தன் கையால் பூசிய பச்சை அது. பிரஷ் போன தடம்கூட அக்காவுக்குத் தெரியும்.

"இந்தத் தகரம் எங்க வாங்கினீங்க?"

சைக்கிள்காரர் நிமிர்ந்தார். "வாங்கல. காத்து கொண்டாந்து போட்டுச்சு. யாருமே தேடி வரல, அதான் போட்டுக்கிட்டேன்." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்களோடதா?"

"எங்களோடதுதான்."

"கழட்டிக் குடுத்துடறேன். ஒரு ரெண்டு நாள் பொறுங்க, உள்ள சைக்கிளெல்லாம் நிக்குது."

"தகரம் எனக்கு வேண்டாம். ஏணி இருந்தா குடுங்க, மேல ஏறிப் பாக்கணும்."

"தகரம் வேண்டாம், ஆனா பாக்கணுமா?"

"ஆமா. எப்படிக் கிழிஞ்சிருக்குன்னு பாக்கணும்."

சைக்கிள்காரர் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, அதைப் பிடித்துக்கொண்டே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்கா மேலே போய்க் குனிந்து பார்த்தார். அதுவரை தெருவில் எல்லோரும் சொன்ன கதை ஒன்றுதான்: சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விளிம்புக்கு அடியில் காற்று புகுந்து தூக்கியிருக்கிறது. ஆனால் விளிம்புப் பக்கம் ஆணி ஓட்டைகள் வட்டம் கெடாமல் இருந்தன. ஓர் ஓட்டையில் வளைந்த ஆணி ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பின் அறைக்கு மேலே இருந்த நடுப்பகுதியில்தான் ஓட்டைகள் நீள நீளமாகக் கிழிந்திருந்தன. விளிம்புக்குச் சற்று உள்ளே தகரம் முழுக்க ஒரு மடிப்பு, காகிதத்தை மடித்து நகத்தால் நீவியது போல. அப்படியென்றால் நடுப்பகுதி முதலில் கிளம்பி, விளிம்புப் பக்கமாக மடங்கி, கடைசியில்தான் விளிம்பு கையை விட்டிருக்கிறது.

"என்னம்மா தெரியுது?" என்று கீழேயிருந்து கேட்டார் சைக்கிள்காரர். இப்போது அவருக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது.

"காத்து வெளியிலேருந்து தூக்கல. வீட்டுக்குள்ளேருந்து தள்ளியிருக்கு."

"வீட்டுக்குள்ள காத்து எப்படி வரும்?"

"அதான் எனக்கும் தெரியல," என்றார் அக்கா.

அன்று சாப்பிடும்போது அவர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பச்சைத் தகரம், மடிப்பு, கிழிசல், ஒன்று விடாமல். கணவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின் அறை ஜன்னல் மூடித்தானே இருந்துச்சு?" என்று அக்கா கேட்டதும், பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"நான்தான் தொறந்தேன்."

"எப்ப?"

"காத்து ஏறினதும். அச்சகத்துல ஒருத்தர் சொன்னாரு, புயல் நேரத்துல ஜன்னலைத் தொறந்து வெச்சா காத்து இப்படி வந்து அப்படிப் போயிடும், வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்."

"அப்படிப் போறதுக்கு எதிர் ஜன்னல் இருக்கே, அதையும் தொறந்தீங்களா?"

"அதுக்கு முன்னாடி பீரோ நிக்குதே."

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டிருந்த மனிதர் மெல்ல நிமிர்ந்தார்.

"சரி, சொல்லுங்க. தொறந்ததும் என்ன ஆச்சு? காது அடைச்சுதா? கூரை முதல்ல எந்தப் பக்கம் எழும்புச்சு?"

அத்தனை நாளும் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவர் அப்போதுதான் சொன்னார். காது அடைத்ததாம். அறைக் கதவு தானே அறைந்து மூடிக்கொண்டதாம். தகரம் ஒரு நெஞ்சு போல மேலே ஏறி இறங்கியதாம். "மூச்சு விடற மாதிரி இருந்துச்சு. நாலஞ்சு தடவ ஏறி இறங்குச்சு. ஜன்னலை மூடப் போனேன், முடியல, காத்து என்னையே தள்ளிடுச்சு. அப்புறம் திடீர்னு ஒரே வெளிச்சம். மேல பாத்தா ஒண்ணுமே இல்ல. பயந்து போயிட்டேன். கையில கிடைச்ச மூடியைத் தலைக்குப் பிடிச்சுக்கிட்டு வெளிய ஓடி வந்துட்டேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்ற மாதிரியா இருக்கு? கூரையைப் பிடுங்கிக் குடுத்தவனே நான்தான்."

"ஜன்னல் பாதி, ஆணி பாதி," என்று சொல்லிக்கொண்டே அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

அதற்குப் பிறகுதான் கூரை போடும் மேஸ்திரியை வரவழைத்தார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். காங்கிரீட்டின் பாரத்தை அது தாங்காது. இடித்துவிட்டுக் கட்ட வேண்டும். கணவருக்கும் இப்போது அதில் பிடிவாதம் இல்லை. அக்கா தான் பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்.

"பாதிப் பேர் கூரை விழாம இருக்கணும்னுதான் நினைக்கிறாங்க," என்றார் அவர். "புயல்ல கூரை விழறதில்லைங்க, எழும்புது. அதனால கீழ இழுத்துப் பிடிக்கிறதுக்குத்தான் வழி பண்ணணும். தகரத்தை மரம் பிடிக்கணும், மரத்தைச் சுவர் பிடிக்கணும். எங்க பிடி விட்டாலும் போச்சு."

"அப்ப ஆணிக்குப் பதிலா என்ன?"

"மரை வெச்ச ஸ்க்ரூ. ஆணி நேரா இறங்குது, நேரா வந்துடுது. ஸ்க்ரூ மரத்தைக் கடிச்சுக்கும். தலைக்கு அடியில அகலமா வாஷர் போட்டா தகரம் அதைத் தாண்டிக் கிழியாது. ஓரங்கள்ல நெருக்கமா அடிக்கணும், காத்து ஜாஸ்தி இழுக்கிறது அங்கதான்."

"எங்களுது நடுவுலல்ல கிழிஞ்சுது?"

"உள்ளேருந்து தள்ளினா எங்க வேணா கிழியும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பலகைக் கதவு போட்டுடுங்க."

இந்தப் பேச்சுக்கு நடுவில் வாசலில் லாரி வந்து நின்றது. கொழுந்தன் சொன்னபடியே எங்கிருந்தோ தடித் தகரங்களைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். யாரும் தன்னைக் கேட்காமல் மேஸ்திரியைக் கூப்பிட்டதில் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் சொன்னா யாரு கேக்கறா? வேண்டாம்னா இப்பவே ஏத்திக்கிட்டுப் போறேன்."

அக்கா ஒரு தகரத்தை விரலால் சுண்டிப் பார்த்தார், மேஸ்திரியும் சுண்டிப் பார்த்தார். "நல்ல சரக்குங்க. இதையே போடலாம்," என்றார் மேஸ்திரி. "கிழியறதுக்கு லேசுல இடம் குடுக்காது."

"கேட்டீங்களா, அண்ணி?" கொழுந்தனின் முகம் மறுபடி விரிந்தது. அக்கா அவருக்கு டீ போடப் போனார்.

வேலை நடந்த நாட்களில் அக்கா மேஸ்திரியைப் படாத பாடு படுத்தினார். சட்டங்களைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டையை ஏன் இப்படி மடக்க வேண்டும், சரிவு ஏன் முன்பைவிடக் கூடுதல், வெளியே நீட்டம் ஏன் குறைவு என்று ஏணிக்கடியில் நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே போன தகரத்தை மேஸ்திரி தனித் துண்டாகப் போட்டார். முன்பு வீட்டுக் கூரையே அங்கேயும் நீண்டிருந்தது. "இது எப்பவாவது போனா தனியா போகட்டும்," என்றார். "வீட்டையும் கூட்டிக்கிட்டுப் போகக்கூடாது." வேலை முடிந்து கிளம்பும்போது, "இந்த வீட்டுல கூரை போட்டதுக்கு நான் பரீட்சையே எழுதியிருக்கலாம்," என்று கணவரிடம் முணுமுணுத்தார்.

அடுத்த புயல் மறு வருஷம் வந்தது. லாரியை எடுக்க முடியாமல் கொழுந்தனும் அன்று அங்கேயே தங்கும்படி ஆயிற்று. ஜன்னல்களுக்குப் பலகைக் கதவு சாத்தித் தாழ் போட்டுவிட்டு மூவரும் பின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று ஏறிக்கொண்டே போயிற்று. தடித் தகரத்தின் மேல் மழை சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரி இரைந்தது. கணவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். தகரம் ஏறவில்லை, இறங்கவில்லை. அவர் எழுந்துபோய், சுவரில் இறங்கியிருந்த இரும்புப் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க வா. நடுங்குது, தொட்டுப் பாரு."

அக்காவும் கையை வைத்தார். மெல்லிய அதிர்வு ஒன்று உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறியது. "அப்படின்னா இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கு," என்றார். கொழுந்தனும் வந்து தன் பங்குக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தகரம் நல்ல தகரம்ல," என்றார்.

எப்போதோ பின்னால் படாரென்று ஒரு சத்தம் கேட்டது. மூவரும் துள்ளி எழுந்தார்கள். காற்று அடங்கிய பிறகு பின்கதவைத் திறந்து பார்த்தபோது, பாத்திரம் கழுவும் இடத்துத் தனித் துண்டு வேலியோரம் குப்புறக் கிடந்தது. வீட்டுக் கூரையில் ஒரு ஸ்க்ரூகூட அசையவில்லை. ஆனால் யாரும் நினைத்துப் பார்க்காத முன்வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் புகுந்து, கூடம் முழுக்கக் கணுக்கால் அளவு நின்றது. கணவர் வாளியை எடுத்தார். கொழுந்தன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு துடைப்பத்தோடு இறங்கினார். அக்கா கதவருகே குந்தி உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, முதல்ல தண்ணியைத் தள்ளி விடுங்க, அப்புறம் பாக்கலாம்," என்று கத்தினார் கொழுந்தன்.

"ஒரு நிமிஷம் தம்பி," என்றார் அக்கா.