பூட்டுப் போட்ட போன்

போன மாதம் சீலன் என்னை ஒரு போன் கடைக்குக் கூட்டிப்போனார். இத்தாலியன் வாசிக்கத் தெரிந்தவள் என்று பலெர்மோத் தமிழரிடையே எனக்கு ஒரு பெயர் — விசா அலுவலாகக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குத் துணை போவதும் நான்தான், டொக்டரிடமும் நான்தான்.

சீலன் கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டோடு தங்கி வேலை செய்பவர். மனைவி வாணி கொழும்பில், நிறைமாதம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பித்து வரும்வரை இவரால் இத்தாலியை விட்டு அசைய முடியாது.

“பிள்ளையின்ரை சத்தத்தை நான் உடனை கேக்க வேணும் அக்கா. வீட்டிலை போன் இல்லை. காசு குடுத்துக் கதைக்கிற கொமினிகேசன் கடையிலை நாலு பேர் பாத்துக்கொண்டு நிக்க, வாணி என்னத்தைக் கதைக்கிறது?”

அதனால் இங்கே ஒரு செல்போன் வாங்கி அவளுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு.

கடையில் இரண்டு வகை. ஒன்று முழு விலை. எந்த நாட்டு சிம் கார்டும் போடலாம். மற்றது டெலிபோன் கம்பனி கொடுப்பது. பாதி விலைகூட இல்லை, ஆனால் ஒப்பந்தம் எழுத வேண்டும். சீலன் முதலாவதையே தடவிக்கொண்டு நின்றார். நானா விடுவேன்?

“உமக்கென்ன விசரே தம்பி? ரெண்டும் ஒரே போன்தான். இதை எடும்.”

என் பெயரிலேயே கையெழுத்தும் போட்டேன். சின்ன எழுத்தில் இருந்ததை வாசிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவர்கள் எங்கே வாசிக்கிறோம்?

கொழும்புக்குப் போன ஒருவரின் பெட்டியில், குழந்தைச் சட்டைகளுக்கு நடுவே போன் போய்ச் சேர்ந்தது. வாணி அந்த ஊர் கார்டைப் போட்டாள். போன் ஏதோ ரகசிய எண் கேட்டது... அந்தக் கம்பனியின் கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டு! கடைக்கு ஓடினேன். ஒப்பந்தம் முடியும்வரை திறக்க மாட்டார்களாம்.

சீலன் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

பெண் குழந்தை பிறந்த செய்தி அடுத்தவர் மூலமாகத்தான் வந்தது. ஐந்தாம் நாள் ஞாயிறு. சீலனுக்கு லீவு, என் வீட்டில்தான் சாப்பாடு. என் வீட்டுப் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போகிற வழியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, வாணி பிள்ளையோடு கொமினிகேசனுக்குள் நுழைந்திருக்கிறாள்.

சீலன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். பேச்சே இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

“லைன் கட்டாகிட்டுதோ?”

அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். “இல்லை அக்கா. பிள்ளை நித்திரை. கடைக்காரர் எல்லாரையும் சத்தம் போடாமல் நிக்கச் சொல்லியிருக்கிறார். மூச்சு விடுறது கேக்குது.”

பிறகு, இத்தனையும் செய்து வைத்த என் காதிலும் ரிசீவரைக் கொஞ்ச நேரம் வைத்தார்.