துரையின் பந்தும் என் லயத்து வீடும்

புல் வெட்டும் வேலையில் எல்லாரும் பாம்புக்குப் பயப்படுவார்கள். கோல்ஃப் திடலில் புல் வெட்டிய நான் பயந்தது ஒரு சின்ன வெள்ளைப் பந்துக்கு. தலைக்கு மேல் ஒருவரை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் உங்களுக்கு இது புரியும்.

புதுத்துரை வந்தார்

பீடோங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் துரைமார் விளையாட ஒரு திடல் இருந்தது. கடைசிக் குழியைச் சுற்றியிருந்த புல்தரையைப் பழைய துரை சரிவாக அமைத்திருந்தார். மழைத்தண்ணீர் கீழே கால்வாய்க்கு ஓட வேண்டுமே! சரிவுக்கு ஈடாகப் புல்லைக் கொஞ்சம் வளரவிட்டிருந்தோம். பந்து ஆடி அசைந்து இறங்கிக் குழியருகே நிற்கும்.

புதுத்துரை தம் ஊர்ப் பழக்கத்தில் மெல்லத் தட்டினார். பந்து பாதியிலேயே நின்றது. முகம் சிவந்துவிட்டது. ஒட்ட வெட்டு, உருளை போடு, ஞாயிற்றுக்கிழமை கூலிம், பாலிங் தோட்டங்களின் துரைமார் ஆட வருகிறார்கள் என்று உத்தரவு. தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் என் மனைவி செல்லம்மா நிறைமாதம். வேலை போனால் வீடும் போகும். உத்தரவைக் கொண்டுவந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "பந்து நடுவிலை நிண்டுதெண்டால் திங்கட்கிழமை நீர் லயத்திலை இல்லை, விளங்குதோ?"

ஒட்டுப்பால் பந்து

ஒட்ட வெட்டினோம். நானும் கூட்டாளி வீரனும் இரும்பு உருளையை இழுத்தோம். வேகம் சரியா என்று பார்க்க வேண்டும். துரையின் பந்தைத் தொட்டால் திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள். அதனால் ரப்பர் மரத்து வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, சுற்றிச் சுற்றி ஒரு பந்து செய்தோம். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் விளையாடும்.

உருட்டினால் பாதியில் நின்றது. மறுபடி உருளை, மறுபடி பந்து. பசைப்பந்து புல்லில் ஒட்டிக்கொள்கிறது என்பது பயந்தவன் புத்திக்கு எட்டவில்லை. தரை வழுவழுவென்று ஆனபிறகும் வீரன் விடவில்லை: "இன்னும் நாலு இழுப்பு இழுத்துருவோம்ணே, பத்தலை லா!"

ஞாயிற்றுக்கிழமை

கூலிம் துரை மெல்லத் தட்டினார். பந்து குழியைத் தாண்டி, சரிவில் ஓடி, கால்வாயில் விழுந்தது. பாலிங் துரையின் பந்தும் அதே வழி. அவர் மட்டையைத் தரையில் ஓங்கி அடித்தார். நிறைமாதக்காரியை எந்த வண்டியில் ஏற்றி எங்கே கொண்டுபோவேன்?

எங்கள் துரையின் முறை வருவதற்குள் வானம் இருண்டு சட்டென்று ஒரு தூறல் போட்டது. புல் நனைந்தது. அவர் தட்டிய பந்து தயங்கித் தயங்கி இறங்கிக் குழிக்குள் விழுந்தது. ஜெயித்துவிட்டார்! தப்பித்தேன் என்று மூச்சு விடுவதற்குள், நனைந்த தொப்பியோடு என்னிடம் வந்து, தோட்டத்தில் கற்ற தமிழில் சொன்னார்: "நல்ல வேலை. எல்லா ஞாயிறும் இதே மாதிரி வேணும்."

மகள் அந்த லயத்திலேயேதான் பிறந்தாள். ஆனால் பால்வெட்டு கெட்டுவிடும், மழை வேண்டாம் என்று தோட்டமே மாரியம்மனைக் கும்பிட்டபோது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தூறல் போடம்மா என்று கேட்ட ஒரே பாவி நான்தான்.