அஞ்சலை ருசி பார்த்த தண்ணீர்

தாழிக்குள்ளிருந்து வரும் ஈரமண் வாசனை... கூடவே உதட்டில் எந்நேரமும் ஒட்டியிருக்கும் உப்பு. மரக்காணம் என்றாலே எனக்கு முதலில் வருவது இவை இரண்டும்தான்.

எழுபதுகளின் நடுவில், அகழாய்வில் எனக்கு முதல் வேலை. உப்பளத்துக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. தோண்டினால் ஈமத்தாழிகள். எலும்பைக் கழுவி உலர்த்தி, ஆணா பெண்ணா, என்ன வயது என்று எழுதுவது என் பொறுப்பு.

ஒரு தாழியில் எலும்புகளோடு இரும்புக் கத்தி இருந்தது. மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "கத்தி வெச்சிருக்காங்க, ஆம்பளதாம்மா. எழுதிடு" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இடுப்பெலும்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"லாரி வர்றதுக்குள்ள பாரு."

எலும்புகளை ஏற்றிப்போக லாரி வர நாலே நாள்...

அந்த அவசரத்தில் கேம்ப் கிணற்றுத் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்துவிட்டேன். மதியம் பார்த்தால் எலும்பெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்து, ஓரம் அப்பளம் மாதிரி உதிர்கிறது. இருந்ததே அந்த ஒரு சாட்சிதான். உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மண் சலிக்க வந்த அஞ்சலைக்கு என் வயதுதான். அதுவரை உப்பளத்தில் கூடை சுமந்தவள்.

"கெணத்துத் தண்ணியிலயா கழுவுனீங்க டீச்சர்? பொடவ தொவச்சாலே வெள்ள பூக்குமே. செத்தவங்கள யாராச்சும் உப்புத் தண்ணியில குளுப்பாட்டுவாங்களா?"

(நான் டீச்சர் இல்லை. படித்த பெண் என்றால் அவளுக்கு டீச்சர்தான்.)

குடிதண்ணீர் மாட்டுவண்டியில் வரும். அஞ்சலையோடு சேர்த்து சலிக்கும் பெண்கள் நாலு பேருக்கு ஒரு குடம். அதில் பாதியை எலும்பு இருந்த என் ட்ரேயில் ஊற்றினாள். மூன்று நாள் அப்படித்தான். ஊறவைத்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "இன்னும் கரிக்குது, மாத்துங்க" என்பாள்.

"ஐயோ, எலும்புத் தண்ணி அஞ்சலை!"

"அதனால என்ன, நம்ம பாட்டன் பூட்டன்தான."

மூன்றாம் நாள் சாயங்காலம் கரிக்கவில்லை. ஈரச்சாக்கின் நிழலில் மெல்ல உலர்த்தினோம். இடுப்பெலும்பின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தேன். தாராளமாக அசைந்தது; ஆணுக்கு அந்தப் பள்ளம் இவ்வளவு அகலம் இருக்காது. பெண்!

மேலதிகாரி, தானே 'ஆண்' என்று எழுதி வைத்திருந்ததை அடித்தார். அஞ்சலைதான் என்னைத் திட்டினாள். "பொம்பளன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா? இத்தன ஆம்பளைங்க நடுவுல தெறந்து போட்டிருக்கோமே." துண்டை எடுத்து மூடினாள். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

இன்றைக்கு லேபில் தண்ணீரின் உப்பை மெஷினே சொல்லிவிடுகிறது. யாரும் நாக்கில் வைப்பதில்லை. நல்லதுதான்...

போன வாரம் என் பழைய அறிக்கையைப் புரட்டினேன். "நன்னீரில் ஊறவைக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. அஞ்சலை பெயரையாவது இப்போது இங்கே எழுதிவிட்டேன். தாகத்தோடு மண் சலித்த மற்ற மூன்று பேர்?

எப்போதோ செத்துப்போனது ஆணா பெண்ணா என்று நாலு நாள் தவித்தவள், பக்கத்தில் நின்ற அவர்களிடம் பெயர்கூடக் கேட்கவில்லை.