ஆறாம் படி தெரிந்தால் படகு இல்லை

“…அஞ்சுக்கும் ஆறுக்கும் எடயில தான் நிக்குது அண்ணாச்சி. ஒரு அலைக்குத் தெரியுது, மறு அலைக்கு மூடுது. நீங்க பலகையில என்ன எழுதணும்னு சொல்லுங்க, நான் அதையே வாக்கி டாக்கியில சொல்லீருகேன்.”

கடலுக்குள் இருக்கும் பாறையில் இரவு காவல் பார்க்கும் பொன்னுலிங்கம் அங்கிருந்து போனில் சொன்னது இது. காலை ஏழு மணி. நான் கன்னியாகுமரிப் படகுத்துறையில், அறிவிப்புப் பலகைக்கு முன்னால் சாக்பீசும் கையுமாக நின்றேன். காற்று, அலை, மழை எல்லாம் எழுதியாகிவிட்டது. ‘கடல் மட்டம்’ என்ற வரிக்கு எதிரே மட்டும் இடம் காலி. அங்கே ஐந்து என்று எழுதினால் படகு போகும். ஆறு என்று எழுதினால் போகாது. படகு போனால் பொன்னுலிங்கம் கரைக்கு வந்து, வெளிநாட்டுக்குப் புறப்பட்டு நிற்கும் மகனின் நெற்றியில் தன் கையால் நாமம் இட்டு அனுப்பலாம். போகாவிட்டால் இல்லை.

இந்தப் படிக்கணக்கு என்ன என்று தெரியாமல் மேலே சொன்னால் விளங்காது. இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடலில் தண்ணீர் இல்லை

வேலையில் சேர்ந்த முதல் நாளே என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அன்று வெயில் பளிச்சென்று அடித்தது. காற்றே இல்லை. கடல் விரித்துப்போட்ட துணி மாதிரி கிடந்தது. டிக்கெட் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. எழுதிக் கொடுத்ததை நான் வாசித்தேன்: “கடல் நீர்மட்டம் தாழ்ந்து காணப்படுவதால் படகுப் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது.”

வரிசையில் நின்ற மதுரைக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏம்ப்பா, வைகையில தண்ணி இல்லன்னு சொல்லு, நம்புறேன். கடல்ல தண்ணி இல்லன்னா எப்படிய்யா நம்புறது?”

அவர் பின்னால் நின்ற அம்மா விடவில்லை. “ராத்திரி எவனாச்சும் மோட்டார் போட்டு எடுத்துட்டானோ என்னமோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் விளங்கவில்லை. படகோட்டும் ஸ்ராங்கு சூசையண்ணன், கடியப்பட்டணத்துக்காரர், என் தோளைப் பிடித்துத் திருப்பிப் படித்துறையைக் காட்டினார்.

“மேல என்னத்தப் பாக்க? கீழ பாரு. சட்டயப் பாத்து ஒருத்தனுக்குக் காய்ச்சல் உண்டா இல்லியான்னு சொல்லுவியா?”

கீழே பார்த்தேன். எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் படிகள் பாசியும் சிப்பியுமாக வெளியே தெரிந்தன. அமாவாசை, பவுர்ணமி நாட்களில் நம் கடல் இப்படி உள்வாங்கும். சில சமயம் எந்தக் காரணமும் சொல்லாமலும் உள்வாங்கும். வானம் தெளிவாக இருக்கும், அலை சாதுவாக இருக்கும், ஆனால் அடியில் கிடக்கும் பாறைக்கும் படகின் அடிக்கும் நடுவில் தண்ணீர் போதாது. ஆள் ஏறிப் பாரமாகிவிட்ட படகு ஒரு அலைக்கு இறங்கும்போது தட்டினால் போதும். அதனால் மேலிருந்து எண்ணி ஐந்தாம் படி வரை தெரிந்தால் படகு போகும்; ஆறாம் படியும் தெரிந்தால் காலிப் படகுகூடப் போகாது.

அன்றிலிருந்து என் பிழைப்பே இதுதான். காலையில் கடலைப் பார்ப்பது, பலகையில் எழுதுவது, மைக்கில் சொல்வது. அலுவலகத்திலிருந்து வரும் வார்த்தைகள் ஜனங்களுக்குப் பிடிபடாது. ‘மிதமான காற்று’ என்று சொன்னேன். ஒரு தாத்தா வந்து, “மிதமான காத்துன்னா தொப்பி பறக்குமா பறக்காதா, அதச் சொல்லும் ஓய்” என்றார். நியாயம்தானே. மறுநாள் முதல் மைக்கில், “இன்று தொப்பி பறக்கும் காற்று, மடியில் பிள்ளை வைத்திருப்பவர்கள் படகின் நடுவில் உட்காருங்கள்” என்று சொல்ல ஆரம்பித்தேன். மேனேஜர் கூப்பிட்டு, “என்ன இது, அரட்டையா?” என்று சத்தம் போட்டார். ஒரு வாரம் கழித்து அவரே ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, “இன்னிக்குத் தொப்பி எப்படிங்க?” என்று கேட்டார்.

இரண்டு கரை, ஒரு எண்

கடலுக்குள் இருக்கும் பாறையை நாங்கள் தீவு என்று சொல்வதில்லை. பாறை என்றுதான் சொல்வோம். ஆனால் தீவுக்குள்ள குணம் எல்லாம் அதற்கு உண்டு. கரையில் மழை இருக்காது, அங்கே பெய்யும். கரையில் காற்று படுத்துவிடும், அங்கே நின்று பேச முடியாது. அதனால் கடல் மட்டத்தைக் கரையில் மட்டும் பார்த்தால் போதாது. இந்தப் பக்கத்துப் படியை நான் பார்ப்பேன். பாறைப் பக்கத்துப் படியை அங்கே இரவு காவலில் இருப்பவர் பார்த்து வாக்கியில் சொல்வார். ஒரு அலையைப் பார்த்துச் சொல்லக் கூடாது. பத்து அலை வந்து போவதைப் பார்த்து, அலை உள்வாங்கும்போது எந்தப் படி தெரிகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டில் எது மோசமோ அதுதான் பலகையில் ஏறும். பாறைப் பக்கத்துப் படி கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அங்கே நிற்கிற ஆள் சொல்வதுதான் எண்.

ஆறு என்று சொன்னால் அவரே பாறையில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். சொன்ன ஆள்தான் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

பொன்னுலிங்கம் மயிலாடிக்காரர். தகப்பனார் கல்வேலை. இவரும் கொஞ்ச காலம் உளி பிடித்திருக்கிறார். தூசி நெஞ்சுக்கு ஆகவில்லை என்று விட்டுவிட்டுப் பாறைக் காவலுக்கு வந்தவர். “கல்லு கொத்த மாட்டேன்னு ஓடியாந்தேன் அண்ணாச்சி. கொண்டு கல்லு மேலயே இருத்தீட்டானுவ” என்பார். அய்யாவழிக் குடும்பம். எந்தக் காலையிலும் நெற்றியில் வெள்ளை நாமம் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. வீட்டில் யார் எங்கே புறப்பட்டாலும், பரீட்சைக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும், அவர்தான் திருமண் குழைத்து இட்டுவிடுவார்.

தெற்கே வந்த கார்

அவர் மகன் அனீஷுக்கு துபாயில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். திருவனந்தபுரத்திலிருந்து விமானம். முந்தின நாள் மாலை கடைசிப் படகில் கரைக்கு வந்து, இரவு வீட்டில் இருந்து, காலையில் மகனை ஏற்றிவிடுவதாகப் பொன்னுலிங்கத்தின் ஏற்பாடு. லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். மாற்று ஆளும் தயார்.

அன்று மத்தியானமே கடல் இறங்கத் தொடங்கியது. பாறையில் இருந்த கூட்டத்தை அவசரமாகக் கரைக்குக் கொண்டுவந்தோம். கடைசி ஆள் ஏறிய பிறகு படகைக் கட்டிய கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிடுவது காவல்காரர் பொறுப்பு. பொன்னுலிங்கம் கழற்றிவிட்டார். மாற்று ஆளை ஏற்றிக்கொண்டு மறுபடியும் வருகிறோம் என்றுதான் சூசையண்ணன் சொல்லி வந்தார். திரும்பிப் போகத் தண்ணீர் இல்லை.

மீன்பிடிக்கிற சின்ன வள்ளத்தில் கொண்டுவர முடியுமா என்று நான் கேட்டேன். “வள்ளம் போவும். அண்டாது. பாறையோட சேத்து அடிக்கும்” என்றார் சூசையண்ணன்.

சாயந்தரம் பொன்னுலிங்கத்துக்குப் போன் போட்டேன். “வீடியோவில பேசீருலே” என்று சும்மா ஆறுதலுக்குச் சொன்னேன்.

“போன்ல பாக்கதுக்கு அவன் துபாய்ல இருந்தாலே போதும்லா” என்றார். “கையால தொட்டு அனுப்பணும்னு தான் கெடந்து துடிக்கேன்.”

பாறை கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை. ஆனால் ஆள் நிற்பது தெரியும். அவர் இருக்குமிடத்திலிருந்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு விளக்கு வரைக்கும் தெரியும். மயிலாடி பஸ் கிளம்புவது தெரியும்.

மகன் என்ன செய்தான் தெரியுமா? காலையில் மேற்கே திருவனந்தபுரம் போக வேண்டிய காரைத் தெற்கே திருப்பிக் கன்னியாகுமரிக்குக் கொண்டுவந்துவிட்டான். அம்மாவும் கூட. ஒருவேளை படகு விட்டால் அப்பா முதல் படகில் வந்துவிடுவாரே என்ற கணக்கு. புது ஷூ, கழுத்தில் பாஸ்போர்ட் பை. சட்டைப் பையில் காகிதம் சுற்றிய திருமண்.

வாக்கி

கரைப்பக்கம் ஐந்து. அதில் சந்தேகமே இல்லை. ஆக, எல்லாம் பாறைப் பக்கத்து எண்ணில் நின்றது. அப்போதுதான் பொன்னுலிங்கம் வாக்கியை விட்டுவிட்டுப் போனில் கூப்பிட்டு, நான் தொடக்கத்தில் எழுதியதைச் சொன்னார்.

சூசையண்ணன் எஞ்சினை ஓடவிட்டு நின்றார். “அஞ்சுன்னு ஒரு வாக்கு வரட்டு. பொன்னுவ பத்து நிமிசத்துல கொண்டாந்திருகேன்.”

முதல் படகில் போகிறவர்கள் பாறையைக் கூட்டித் துடைக்கும் பெண்கள். அவர்களுக்கும் விஷயம் தெரியும். மூத்தவள் லில்லி அக்கா என் கையில் இருந்த சாக்பீசைப் பார்த்தாள்.

“எழுதுங்க சார் அஞ்சுன்னு. நாங்க ஏறுகோம். ஆம்பளயளுக்குப் பயமா இருந்தா கரையில நில்லுங்க.”

மேனேஜர் ஜன்னலில் நின்றார். அவர் திருச்சிக்காரர், நல்ல மனிதர். “போன்ல பேசறது எனக்கு வேண்டாம்ங்க. வாக்கியில அவர் என்ன சொல்றாரோ, அதை எழுதுங்க” என்றார். ஐந்து என்றே வந்துவிடட்டும் என்று அவரும் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

நான் போனில் சொன்னேன்: “பொன்னு, இங்கன நின்னு எனக்கு என்னத்தத் தெரியும்? நீ அஞ்சுன்னா அஞ்சு. எழுதீருகேன்.”

அவர் என்னிடம் ஒன்று கேட்டார்.

“மொதல் போட்டுல ஆரெல்லாம் ஏறுகா அண்ணாச்சி?”

“லில்லியும் அவ கூட உள்ளவளுவளும்.”

“ம். பத்து அலை பாத்துட்டு வாக்கியில வாறேன்.”

பத்து அலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் பார்க்கிறவன். அன்று அதற்குமேல் ஆனது. அவர் இன்னொரு பத்து பார்த்தார் என்று நினைக்கிறேன். ஐந்து வந்துவிடாதா என்று பார்த்திருப்பார். அனீஷ் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். டிரைவர் காரில் இருந்து மணியைக் காட்டினான்.

வாக்கி கரகரத்தது. எல்லாரும் கேட்கத்தான் வந்தது.

“கரை, கரை. பாறையில இருந்து பொன்னுலிங்கம். ஆறாம் படி தெரியுது. ஆறு. எழுதிக்கிடுங்க.”

எழுதினேன். சூசையண்ணன் எஞ்சினை நிறுத்தினார். லில்லி அக்கா, “நாசமாப் போற கடலு” என்று சொல்லிவிட்டுத் துடைப்பக்கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான். அன்று படகு விட்டிருந்தால் தட்டியிருக்குமா? எனக்குத் தெரியாது. தட்டாமலும் வந்திருக்கலாம். பத்தரை மணிக்குக் கடல் ஏறிவிட்டது, படகு விட்டோம், சுற்றுலாக் கூட்டம் ஆரவாரமாகப் போய்வந்தது. அனீஷின் கார் அப்போது களியக்காவிளை தாண்டியிருக்கும். பொன்னுலிங்கத்திடம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அவராக ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்: “கடலு பொறவு ஏறினா எனக்கென்ன அண்ணாச்சி? நான் பாக்கும்போ ஆறு.”

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். பலகையில் எழுதுவது நாளைய கடலும் இல்லை, நமக்கு வேண்டிய கடலும் இல்லை. பார்க்கும்போது என்னவோ அது. கேட்க லேசாக இருக்கும். பார்க்கிற கண்ணுக்குச் சொந்தக் காரியம் ஒன்று வந்து நிற்கும்வரை லேசுதான்.

எண்ணைச் சொன்ன பிறகு பொன்னுலிங்கம் மனைவியின் போனுக்குக் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டு மகன் பக்கம் நீட்டினாள்.

“லே, மண்ணு கொண்டாந்தியா?”

“கொண்டாந்தேம்ப்பா.”

“நீயே இட்டுக்க. கீழ இருந்து மேல இழுக்கணும். எடயில வெரல எடுக்காத. பைய.”

அதற்குப் பிறகு போனைப் படியில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. கொடிக் கயிறு இழுக்க இரண்டு கையும் வேண்டும். கப்பி கிறீச்சிடுவது போனில் கேட்டது.

அனீஷ் உள்ளங்கையில் தண்ணீர் விட்டு மண்ணைக் குழைத்துக்கொண்டே பாறையைப் பார்த்தான். “அங்க கொடி ஏத்துகது அப்பாவா மாமா?”

“ஆமா மக்கா. சொன்ன ஆளுதான் ஏத்தணும்.”

பையன் விரலை நெற்றியில் வைத்தான். பாறையில் சிவப்புக் கொடி கீழிருந்து கிளம்பியது. மற்ற நாட்களில் பொன்னுலிங்கம் நாலு இழுப்பில் ஏற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். அன்று இடையில் எங்கேயும் நிற்காமல், மெல்ல, உச்சிவரை ஏற்றினார்; பையனின் விரலும் அதோடு சேர்ந்து மேலே ஏறியது. கயிற்றைக் கட்டினார். கட்டிய கயிற்றிலிருந்து கையை எடுக்காமல் கரையைப் பார்த்து நின்றார். கார் கிளம்பி, வளைவு திரும்பி மறைந்த பிறகும் அப்படியே நின்றார்.