பூனைக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்

எங்கள் வீட்டுப் பூனை சோற்றில் வாய் வைத்தால் இருமும். மற்ற நேரத்தில் ஒன்றும் கிடையாது. தறிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருக்கும். எலி வந்தால் ஒரே பாய்ச்சல். அறுபதுகளில் நான் காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அந்த வீட்டில் என் மடியைத் தேடி வந்த ஒரே ஜீவன் அதுதான்.

"தொண்டையில பட்டு இழை மாட்டிக்கினு இருக்குது," என்றார் என் கணவர். தறி நின்றால் எந்த இழை அறுந்தது என்று தேடியே பழகிய மனிதர். உலகத்தில் எது கெட்டாலும் அவருக்கு இழைதான் காரணம். பூனையின் வாயைப் பிளந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. "உள்ள போயிருக்குது," என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். அது தின்னும்போதெல்லாம் என் மாமியார் துடைப்பத்தோடு நிற்பார். அடி விழுமுன் முடிக்க வேண்டுமே என்று அது அள்ளி விழுங்கும், அடைக்கும், இருமும். அவர் கோயிலுக்குப் போன ஒரு நாள், சோற்றைக் குழையப் பிசைந்து அகலத் தட்டில் பரப்பி வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். நக்கி நக்கி நிதானமாகத் தின்றது. ஒரு இருமல் இல்லை.

"அவசரத்துல முழுங்குதுங்க. விரட்டாம இருந்தா இருமாது," என்று சொன்னேன்.

"வைத்தியம் படிச்சிட்டு வந்துட்டாடா உன் பொண்டாட்டி," என்றார் மாமியார். என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் இவர் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மாமியார் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் விளக்கெண்ணெய் ஊற்றினார், இழை வழுக்கிக்கொண்டு இறங்குமாம்.

"ஐயோ, மூச்சுல ஏறிடப் போவுதுங்க!"

"சும்மா இரும்மா. கொழந்தைக்கு ஊத்தலையா?" என்றார் மாமியார்.

மூக்கு வழியாக எண்ணெய் வந்தது. அதன் பிறகு பூனைக்கு மூச்சு இழுத்தது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததே தவிர, ஒரு பருக்கையைத் தொடவில்லை.

"பாத்தியா? சோத்தாண்ட இருமவே இல்ல," என்றார் மாமியார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

விடிந்து பார்த்தால் தறிக்குப் பின்னால் விறைத்துக் கிடந்தது. கொல்லையில் நானே குழி தோண்டிப் புதைத்தேன். அன்று மத்தியானம் கடைசி ஆளாகச் சோற்றின் முன் உட்கார்ந்தேன். மாமியார் தலைக்கு மேலே வந்து நின்றார்.

"சீக்கிரம் துன்னுட்டு எழுந்திரு. நூல் சுத்தணும்."

அள்ளி விழுங்கினேன். அடைத்தது. இருமினேன், கண்ணில் நீர் வரும்வரை இருமினேன்.

"தண்ணியக் குடி," என்றார் என் கணவர், தறியிலிருந்து திரும்பாமலே.